சைக்கிளும் சந்தேகமும்

பஞ்ச சீலங்களில் இரண்டாவது, கொடாததை எடுக்காமை. நான்காவது, பொய் பேசாமை. இவ்விரண்டும் தனித்தனியே நிற்பவை என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். ஆனால் வீதியில் ஒருவன் மற்றொருவனைச் சுட்டிக்காட்டி, "இவன் திருடன்" என்று கூவும் அந்த நொடியில் இரண்டு சீலங்களும் ஒரே தராசில் ஏறுகின்றன. கூவியது உண்மையாயின் ஒரு களவு தடுக்கப்பட்டது. உண்மையன்றாயின், இரண்டாம் சீலத்தைக் காக்கப் புறப்பட்டவன் நான்காம் சீலத்தை முறித்துவிட்டான். அம்மட்டோ? குற்றமற்ற ஒருவனுடைய மானத்தை அவன் கொடாமலே எடுத்தும் கொண்டான். எனவே இரண்டாம் சீலமும் கூடவே முறிந்தது.

இவ்விஷயத்தை விளக்கச் சைக்கிளை உதாரணமாகக் கொண்டோம். ஏழைக்கும் நடுத்தரத்தாருக்கும் சைக்கிளைப்போல் நாள்தோறும் உழைக்கும் உடைமை வேறு அரிது. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 குடும்பங்களில் சைக்கிள் இருந்தது. அது வீட்டுக்குள் பூட்டி வைக்கப்படும் நகையன்று. கடைவாசலிலும், ரயிலடியிலும், ஆலைக் கதவருகிலும், பள்ளி மதிலோரத்திலும் நாள் முழுதும் வெளியில் நிற்பது. ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பது. ஆகையால் எளிதில் திருட்டுப்போவதும் அதுவே. எளிதில் வீண் சந்தேகத்துக்கு இடமாவதும் அதுவே.

களவின் ஐந்து அங்கங்கள்

தேரவாத உரையாசிரியர்கள் களவுக்கு ஐந்து அங்கங்களை வகுத்தனர். பொருள் பிறருடையதாக இருத்தல் முதலாவது. அது பிறருடையது என்று எடுப்பவன் அறிந்திருத்தல் இரண்டாவது. திருடும் எண்ணம் மூன்றாவது. அதற்கான முயற்சி நான்காவது. அம்முயற்சியால் பொருள் இடம்பெயர்தல் ஐந்தாவது. இவ்வைந்தும் கூடியபோதே களவு நிறைவுறும். ஒன்று குறையினும் சீலம் முழுதும் முறிந்தது என்று சொல்ல இயலாது.

வாசகர்கள் இங்கே சற்று நின்று ஆலோசிக்க வேண்டும். வீதியில் நிற்பவன் கண்ணுக்கு இவ்வைந்தில் எத்தனை தெரிகின்றன? நான்காவதும் ஐந்தாவதும் மட்டுமே தெரிகின்றன. ஒருவன் பூட்டைத் திறக்க முயல்கிறான். சைக்கிளை எடுத்துச் செல்கிறான். இவ்வளவே காட்சி. சைக்கிள் யாருடையது என்பது காட்சியில் இல்லை. அதை விசாரித்தே அறிய வேண்டும். அவன் அறிந்து எடுத்தானா, என்ன எண்ணத்தோடு எடுத்தான் என்பவை அவன் உள்ளத்தில் இருப்பவை. முகத்தில் எழுதப்பட்டவை அல்ல. நாமோ தெரிந்த இரண்டை வைத்துக்கொண்டு, தெரியாத மூன்றையும் அவனுடைய சட்டையிலிருந்தும், தலைமயிரிலிருந்தும், நிறத்திலிருந்தும், பேச்சிலிருந்தும் கற்பித்து நிரப்பிக்கொள்கிறோம். சந்தேகம் என்று நாம் பெயரிட்டு அழைப்பதில் பெரும்பங்கு இக்கற்பனையே.

இந்நாட்டின் சட்டமும் இதற்கு மாறாகப் பேசவில்லை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் நிற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு, நேர்மையற்ற எண்ணத்தோடு, உடையவன் சம்மதமின்றி, ஒரு பொருளை நகர்த்துவதையே திருட்டு என்கிறது. தன்னுடையது என்று நல்லெண்ணத்தோடு நம்பி எடுத்தவன் திருடன் ஆகான். அதுபோலவே திருட்டுப்பொருளை வாங்கியவனைப் பற்றிய 317ஆம் பிரிவும், திருட்டுப்பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பத் தக்க காரணம் இருந்தோ வாங்கியவனையே குற்றவாளியாகக் கொள்கிறது. உரையாசிரியர்கள் சொன்ன அறிவும் எண்ணமும் சட்டப் புத்தகத்திலும் அப்படியே நிற்பதைக் காண்க.

தோற்றம் ஏமாற்றும் இடங்கள்

இனி நடைமுறைக்கு வருவோம். சாதாரணச் சைக்கிளின் பின்சக்கரத்தில் வளையப் பூட்டு இருக்கும். சாவி தொலைந்துவிட்டால் சொந்தக்காரன் என்ன செய்வான்? பின்புறத்தைக் கையால் தூக்கிக்கொண்டு, முன்சக்கரத்தை மட்டும் உருட்டியபடி ரிப்பேர் கடைக்குத் தள்ளிச் செல்வான். பூட்டை உடைக்காமல் திருடிச் செல்பவனும் அவ்வாறே தள்ளிச் செல்வான். இருவருக்கும் நெற்றியில் வியர்வை இருக்கும். இருவரும் நான்கு பக்கமும் பார்ப்பார்கள். ஒருவன் கடையைத் தேடி, மற்றொருவன் அச்சத்தால். தூரத்தில் நிற்பவன் எதைக் கொண்டு பிரித்தறிவான்?

நடுக்கம்பி இல்லாத பெண்கள் சைக்கிளில் மீசை வைத்த ஆடவன் செல்கிறான். மகளுடைய சைக்கிளாக இருக்கலாம், மனைவியுடையதாக இருக்கலாம். பல்லாயிரம் ரூபாய் மதிப்புள்ள கியர் சைக்கிளில் அழுக்குச் சட்டையோடு ஒரு பையன் செல்கிறான். வேலை செய்யும் வீட்டில் கொடுத்ததாக இருக்கலாம். பழைய சைக்கிள் கடையில் தவணைக்கு வாங்கியதாக இருக்கலாம். பெருநகரங்களில் இக்காலத்தில் வீடு வீடாக உணவு கொண்டு சேர்க்கும் தொழிலாளியாகவும் இருக்கலாம். பள்ளி மாணவர்களுக்கு அரசு இலவசமாக அளிக்கும் சைக்கிள்களோ ஒரே நிறம், ஒரே அமைப்பு. நூறு பிள்ளைகள் சைக்கிள் நிறுத்தும் இடத்தில், "இது என்னுடையது" என்று நிறத்தைக் கொண்டு சாதிப்பதற்கு வழியே இல்லை.

மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். தேர்ந்த திருடன் தோற்றத்தால் காட்டிக்கொள்ள மாட்டான். நல்ல உடை அணிந்து, அவசரமின்றி வந்து, தன்னுடையதை எடுப்பவன்போல் எடுத்துச் செல்வான். தோற்றத்தைப் பார்த்துக் காவல் காப்பவன் இரண்டு நஷ்டம் அடைகிறான். குற்றமற்றவனைப் பிடிக்கிறான், குற்றவாளிக்கு வழிவிடுகிறான்.

இது வெறும் ஊகமன்று. 2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏ.பி.சி. தொலைக்காட்சியார் ஒரு பூங்காவில் இதைச் சோதித்துக் காட்டினர். சங்கிலியால் பூட்டப்பட்ட ஒரு சைக்கிளை அறுத்து எடுப்பதுபோல் நடிக்க மூன்று நடிகர்களை முறையே அனுப்பினர். முதல்வன் வெள்ளையர் இளைஞன். வந்து போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பார்த்துவிட்டுப் போயினர். இரண்டாமவன் கறுப்பர் இளைஞன். விரைவிலேயே கூட்டம் கூடியது, அதட்டல் எழுந்தது, போலீஸாரை அழைக்க முயன்றனர். மூன்றாவது வெள்ளையர் இளம்பெண். அவளுக்குப் பூட்டை உடைக்க உதவிக்கு வந்த ஆடவர்களும் இருந்தனர். சைக்கிள் ஒன்று, ஆயுதம் ஒன்று, செயல் ஒன்று, தீர்ப்பு மூன்று. இது விஞ்ஞானிகளின் கணக்கெடுப்பன்று, தொலைக்காட்சி நிகழ்ச்சியே. ஆயினும் அந்தப் பூங்காவில் நடந்தது நம் ஊர்ச் சந்தையிலும் நடவாது என்று சொல்லத் துணிபவர் யார்? அங்கே நிறம் பேசியது. இங்கே ஜாதியும், மொழியும், உடையும், தெருவின் பெயரும் பேசும்.

ஆலை வாசலில் கண்டது

நாம் நூற்பாலையில் வேலை செய்த காலத்தில், இரண்டாம் ஷிப்டு முடியும் வேளையில் ஒரு பிட்டருடைய சைக்கிள் காணாமற்போயிற்று. அவ்வாலையில் கார்டிங் பகுதிக்குப் பதிலியாக வந்து இரண்டு வாரமே ஆன இளைஞன் ஒருவன் இருந்தான். வடக்கேயிருந்து பிழைக்க வந்தவன். நம்மூர் மொழி சரளமாக வராது. தலையெல்லாம் பஞ்சு, தோளில் கிழிந்த சட்டை. அவனிடமோ காணாமற்போனது போன்றே அதே கம்பெனியின் பச்சைச் சைக்கிள் இருந்தது. மட்கார்டு மட்டும் வேறு. அது போதுமானதாயிற்று. "மட்கார்டை மாற்றிவிட்டான்" என்றார் ஒருவர். "இவனுக்கு ஏது இந்தச் சைக்கிள்?" என்றார் மற்றொருவர். "அக்காள் புருஷன் வாங்கித் தந்தது" என்று அவன் தன் மொழியில் சொன்னதைக் கேட்க ஆளில்லை. வாசற்காவலன் கன்னத்தில் அறைந்தான். பையன் அழவில்லை, சைக்கிளின் ஹேண்டில்பாரை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

அப்போது எண்ணெய் போடும் முதியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். யாரையும் கண்டிக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பெடல் அச்சு செல்லும் பெட்டியின் அடியில் படிந்திருந்த கிரீஸையும் மண்ணையும் கழிவுப் பஞ்சால் துடைத்தார். அங்கே பொறித்திருந்த எண்ணை உரக்கப் படித்தார். பின்பு பிட்டரைப் பார்த்து, "தம்பி, வீட்டுக்கு ஆள் அனுப்பி உன் ரசீதைக் கொண்டுவரச் சொல்லு" என்றார். ரசீது வந்தது. எண் வேறு.

மூன்றாம் நாள் பிட்டருடைய சைக்கிளும் கிடைத்தது. இருட்டில் தன்னுடையது என்று எண்ணி வேறொரு தொழிலாளி அதை எடுத்துச் சென்றிருந்தார். தேய்ந்துபோன சாவி மற்றொரு பூட்டையும் திறப்பதுண்டு என்பது சைக்கிள் வைத்திருப்பவர் அறிந்ததே. தாம் ஊருக்குப் போய்த் திரும்பிய பின்பே அவர் வேற்றுமையைக் கண்டார். அவரை ஒருவரும் திருடன் என்னவில்லை. அவர் பதினைந்து வருஷத்து ஆள். எல்லோருக்கும் தெரிந்த முகம். உண்மையில் பிறர் சைக்கிளை எடுத்தவருக்குச் சிரிப்பும் தேநீரும் கிடைத்தன. எடுக்காதவனுக்கு அறை கிடைத்தது. பிட்டர் நல்ல மனிதர். பையனைத் தேடிக்கொண்டு அவன் தங்கியிருந்த அறைக்குப் போனார். அறை காலியாக இருந்தது. அந்தப் பையன் பிறகு அவ்வாலைக்கு வரவேயில்லை.

பழைய கதைகள் சொல்வது

ஜாதகக் கதைகளில் 22ஆவது, குக்குர ஜாதகம். காசி மன்னனுடைய தேர் இரவில் முற்றத்தில் நின்றது. மழையில் அதன் தோல் வார்கள் நனைந்தன. அரண்மனையில் வளர்ந்த உயர்குல நாய்கள் இறங்கிவந்து அவற்றைக் கடித்துத் தின்றுவிட்டன. காலையில் வேலைக்காரர், "சாக்கடை வழியாக நாய்கள் நுழைந்துவிட்டன" என்றனர். மன்னன் கண்ட இடத்தில் நாய்களைக் கொல்லக் கட்டளையிட்டான். அரண்மனை நாய்களுக்கு மட்டும் விலக்கு. சுடுகாட்டு நாய்களின் தலைவனாகப் பிறந்திருந்த போதிசத்துவர் அரசவைக்கே வந்து, "தோலைத் தின்றவை இன்ன நாய்கள் என்று தாங்கள் அறிவீர்களா?" என்று கேட்டார். மன்னன் அறியான். அறியாமலே சிலவற்றுக்குச் சாவும் சிலவற்றுக்கு விலக்கும் விதிப்பது நீதியாகுமா என்று அவர் வினவினார். பின்பு மோரும் தருப்பைப் புல்லும் வரவழைத்து அரண்மனை நாய்களுக்குக் கொடுக்கச் செய்தார். அவை தோல் துண்டுகளைக் கக்கின.

இக்கதையில் போதிசத்துவர் தம் கூட்டத்தார் நல்லவர் என்று வாதாடவில்லை. அரண்மனை நாய்களை ஏசவும் இல்லை. சோதித்துப் பார்க்க ஒரு வழியைக் காட்டினார். நிறமும் குலமும் பேசிக்கொண்டிருந்த இடத்தில் பொருளைப் பேசவைத்தார். ஆலை வாசலில் முதியவர் செய்ததும் இதுவே.

92ஆவதான மகாசார ஜாதகத்தில், அரசியின் முத்துமாலை மறைந்த வேளையில் சந்தடி கேட்டு அஞ்சி ஓடிய நாட்டுப்புறத்தான் ஒருவனைக் காவலர் பிடிக்கின்றனர். மறுத்தால் அடித்தே கொல்வர் என்று அஞ்சி அவன் ஒப்புக்கொள்கிறான்; மாலையை வேறொருவரிடம் கொடுத்ததாகவும் சொல்கிறான். அவர் மற்றொருவரைச் சொல்ல, குற்றமற்றவர் பலர் வரிசையாகச் சிறைப்படுகின்றனர். மாலையை எடுத்ததோ ஒரு பெண் குரங்கு. ஓடினான் என்பதும் களவுக்குச் சான்றன்று. அடிபட்டு ஒப்புக்கொண்டான் என்பதும் சான்றன்று. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று இன்றைய சாட்சியச் சட்டமும் விதித்திருக்கிறது.

சிலப்பதிகாரத்தை அறியாத தமிழர் இல்லை. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வனுடையதன்று என்றே முதலில் தயங்கினர். அரசியின் சிலம்பைத் தானே திருடியிருந்த பொற்கொல்லன், கள்வர்கள் கையாளும் தந்திரங்களை எடுத்துரைத்து அத்தயக்கத்தைப் போக்கினான். கல்லாதவன் ஒருவனுடைய வாள் முந்திக்கொண்டது. தோற்றம் கோவலனுக்குச் சாதகமாகத்தான் பேசியது. அதுவும் அவனைக் காக்கவில்லை. சிலம்பை உடைத்து உள்ளிருப்பது முத்தா, மாணிக்கமா என்று பார்க்க ஒரு கணமே போதும். அந்த ஒரு கணத்தை மன்னன் கோவலன் இறந்த பின்பே ஒதுக்கினான். சைக்கிளின் அடியில் உள்ள எண்தான் சிலம்பின் உள்ளிருக்கும் பரல் என்று கொள்க.

கூட்டத்தாரையே கள்வர் என்றல்

ஒருவனைத் தோற்றத்தால் சந்தேகிப்பது சிறு பிழை என்று சிலர் கூறுவர். அது வளர்ந்தால் எங்கே சென்று நிற்கும் என்பதற்கு இந்நாட்டின் சரித்திரமே சாட்சி. 1871ஆம் ஆண்டு ஆங்கில அரசு குற்றப் பழங்குடிகள் சட்டத்தை இயற்றியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ஒரு கூட்டத்தில் பிறந்தாலே களவுக்கு உரியவர் என்று பெயர்களைப் பதிவு செய்து, நிலையத்தில் ஆஜராகச் செய்து, அனுமதிச் சீட்டின்றி ஊர்விட்டு ஊர் போகாமல் தடுத்தனர். நாடு முழுவதும் அச்சட்டம் 1952 ஆகஸ்ட் 31 அன்று நீங்கியது. சட்டம் நீங்கியது, பார்வை நீங்கிற்றா?

பிறப்பைக் கொண்டு சைக்கிளேறுவதையே தடுத்த ஊர்களும் உண்டு. அதனாலன்றோ 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியல் ஜாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் அம்மக்கள் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறிச் செல்வதைத் தடுப்பதைத் தனிக் குற்றமாகவே பெயர்சொல்லிக் குறித்தது! ஒருவன் ஏறிச் செல்லக்கூடாது என்ற எண்ணம் நேற்றையது. ஏறிச் சென்றால் அது அவனுடையதாக இராது என்ற எண்ணம் அதன் தம்பி.

2018 பிப்ரவரி 22 அன்று கேரளத்தின் அட்டப்பாடியில், கடைகளில் அரிசி முதலியன திருடினான் என்ற சந்தேகத்தின்பேரில் ஒரு பழங்குடி இளைஞனைக் கூட்டமாகப் பிடித்துக் கைகளைக் கட்டி அடித்தனர், படமும் எடுத்துக்கொண்டனர். அவன் அன்றே இறந்தான். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு தனி நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. களவைத் தடுக்கிறோம் என்று எண்ணிப் புறப்பட்டவர் சிறைக்குச் சென்றனர். முதற்சீலமாகிய கொல்லாமை அங்கே முறிந்தது என்பதையும் நினைவில் வைக்க.

பறிகொடுத்தவன் துன்பம்

நிற்க. இவ்வாறெல்லாம் எழுதுவதால் களவைச் சிறிதாக்குகிறோம் என்று எவரும் எண்ணவேண்டாம். கூலிவேலைக்காரன் சைக்கிளை இழந்தால் வேலைக்கு நேரத்தில் போக இயலாது. பால்காரன் இழந்தால் அன்றைய வியாபாரம் போயிற்று. பள்ளிப் பெண் இழந்தால் படிப்பே நின்றுவிடவும் கூடும். 1948இல் இத்தாலியில் டி சிக்கா எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' என்ற படம் இத்துன்பத்தையே காட்டுகிறது. சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் இன்றியமையாதது. அதைப் பறிகொடுத்தவன் ரோம் நகர் முழுதும் அலைகிறான். ஓர் இளைஞனைப் பிடித்துக் குற்றம் சாட்டுகிறான். சாட்சி இல்லை, சோதனையில் பொருளும் இல்லை. முடிவில் மனம் உடைந்து தானே ஒரு சைக்கிளைத் திருடிப் பிடிபடுகிறான். அவனுடைய சிறு மகன் அழுது நிற்பதைக் கண்ட சொந்தக்காரன் அவனை விட்டுவிடச் சொல்கிறான். பறிகொடுத்தவனும் திருடியவனும் வேறு வேறு இனத்தார் அல்லர் என்பதை அப்படம் காட்டுகிறது.

துன்பம் உண்மையானது. ஆனால் துன்பம் சான்றாகாது. நம் கோபம் எவ்வளவு நியாயமாயினும், எதிரில் நிற்பவன்தான் அதற்கு உரியவன் என்று அந்தக் கோபமே நிரூபித்துவிடாது. தம்மபதத்தின் 19ஆம் அதிகாரம் அவசரத்தில் தீர்ப்புச் செய்பவனை அறத்தில் நின்றவனாகக் கொள்வதில்லை என்பதை அறிந்தோர் அறிவர்.

செய்யத்தக்கவை

மோட்டார் வண்டிக்கு இருப்பதுபோல் மிதித்து ஓட்டும் சைக்கிளுக்கு அரசுப் பதிவேடு இல்லை. முற்காலத்தில் பல நகராட்சிகள் ஆண்டுதோறும் வரி வாங்கிக்கொண்டு வில்லை கொடுத்தன, அவ்வழக்கம் மறைந்துவிட்டது. ஆகவே சொந்தம் என்பதற்குச் சான்றை நாமே வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, சைக்கிளை வாங்கிய அன்றே அதன் பிரேம் நம்பரை எழுதிக்கொள்க. அது பெரும்பாலும் சீட்டைத் தாங்கும் குழாயிலோ, பெடல் அச்சுப் பெட்டியின் அடியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். ரசீதில் அந்த எண்ணைக் கடைக்காரர் எழுதியிருக்கிறாரா என்று பார்க்க. எழுதாவிடில் எழுதித் தரச் சொல்லுக. கைப்பேசி உள்ளவர் எண்ணையும், சைக்கிளையும், ரசீதையும் படமெடுத்து வைக்க. நிறத்தை மாற்றலாம், மட்கார்டை மாற்றலாம், சீட்டை மாற்றலாம். எண்ணை அழித்தால் அழித்த தழும்பு நிற்கும்.

இரண்டாவது, பழைய சைக்கிள் வாங்குவோர் விற்பவரிடம் பெயரும் தேதியும் எண்ணும் எழுதிய கைச்சீட்டுப் பெறுக. மதிப்புக்கு மிகக் குறைந்த விலையில் ஒருவர் அவசரமாக விற்றால் விலகுக. ஏழைக்குத்தான் இச்சீட்டு மிகவும் அவசியம். பணக்காரனிடம் ஒருவரும் ரசீது கேட்பதில்லை, ஏழையிடமே கேட்கின்றனர். இது அநீதிதான். ஆயினும் அநீதி நீங்கும்வரை சீட்டு ஒரு கவசம்.

மூன்றாவது, சைக்கிள் காணாமற்போனால் முதலில் தவறி எடுத்திருக்கலாம் என்பதை விசாரிக்க. அடுத்து நின்ற சைக்கிள்களின் சொந்தக்காரரைக் கேட்க. பின்பு எண்ணோடும் ரசீதோடும் போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து அத்தாட்சி பெறுக.

நான்காவது, நம்முடையது போன்ற சைக்கிளைப் பிறரிடம் கண்டால், மனிதனைப் பாராமல் சைக்கிளைப் பார்க்க. "ஐயா, என்னுடையது இதுபோன்ற ஒன்று காணாமற்போயிற்று, எண்ணைப் பார்த்துக்கொள்ளலாமா?" என்று மரியாதையோடு கேட்க. இக்கேள்வியில் பொய்யில்லை, அவமானமும் இல்லை. "எங்கே திருடினாய்?" என்ற கேள்வியோ தீர்ப்பைக் கேள்வியின் உடையில் மறைத்து வைத்தது. அவர் மறுத்தால் பிடித்து இழுக்காமல், இடத்தையும் நேரத்தையும் குறித்துப் போலீஸாரிடம் தெரிவிக்க.

ஐந்தாவது, சட்டம் நமக்குக் கொடுத்துள்ள அதிகாரம் எவ்வளவு என்பதை அறிக. பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவின்படி, வாரண்டின்றிக் கைது செய்யத்தக்க, ஜாமீன் உரிமை இல்லாத குற்றத்தைத் தன் கண்முன் செய்பவனையோ, தேடப்படுபவன் என அறிவிக்கப்பட்ட குற்றவாளியையோதான் பொதுஜனத்தில் ஒருவர் பிடிக்கலாம். பிடித்தால் வீண் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் போலீஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். அடிக்க ஒரு பிரிவும் இடம் கொடுக்கவில்லை. காரணமின்றி ஒருவரை வழிமறிப்பதும் அடைத்து வைப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 126, 127ஆம் பிரிவுகளின்படி குற்றங்களாம்.

ஆறாவது, நிரூபணமாகாத ஒருவருடைய படத்தை, "சைக்கிள் திருடன், பகிரவும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதிருக்க. வாயால் சொன்ன பொய் ஒரு தெருவோடு நிற்கும். இது ஊர் ஊராகப் போகும், திரும்ப அழைத்தாலும் வராது. பிறர் அனுப்பியதை நாம் மேலும் அனுப்பினால் அந்தச் சொல் நம்முடைய சொல்லே.

ஏழாவது, களவு உண்மையாகவே தெளிந்தாலும் கருணையை விடாதிருக்க. 5000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடித் திருப்பிக் கொடுத்தவனுக்குச் சமூக சேவையையே தண்டனையாக 303ஆம் பிரிவு வைத்திருக்கிறது. சட்டமே திருந்த இடம் வைத்திருக்கையில், சீலம் எடுத்தவர் அதனினும் கடுமையாக இருத்தல் தகாது.

நூற்பாலையில் நூலைக் கண்ணால் பார்த்தே இன்ன கவுண்ட் என்று சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. பெரும்பாலும் சரியாகவே சொல்வர். ஆயினும் 120 கெஜம் சுற்றியெடுத்து நிறுத்துப் பார்க்காமல் ஒருவரும் கணக்குப் புத்தகத்தில் எழுதுவதில்லை. ஒரு கண்டு நூலுக்குக் காட்டும் அந்தப் பொறுமையை ஒரு மனிதனுக்கும் காட்டுக என்பதே இப்பாடம்.

வகுப்பில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. களவின் ஐந்து அங்கங்களில் கண்ணால் காணத்தக்கவை எவை? விசாரித்தே அறியத்தக்கவை எவை?

2. ஆலை வாசலில் பதிலி இளைஞனுக்கும், சைக்கிளைத் தவறி எடுத்த பழைய தொழிலாளிக்கும் கிடைத்த நடத்தை ஏன் வேறாயிற்று?

3. குக்குர ஜாதகத்தில் மோரும் புல்லும் செய்த வேலையைச் சைக்கிள் விஷயத்தில் எது செய்கிறது?

4. "சந்தேகப்பட்டேன், அவ்வளவுதான், பொய் சொல்லவில்லை" என்பவருக்கு நான்காம் சீலத்தைக் கொண்டு என்ன விடை கூறுவீர்?

5. உங்கள் வீட்டுச் சைக்கிளின் எண் யாது? அடுத்த வகுப்புக்கு எழுதிக்கொண்டு வருக.